திரைக்கதைக்குள் ஒரு பழைய பாட்டு

கேள்வி: சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் செல்லும் பேருந்தில் நடக்கும் குறும்படத்துக்குத் திரைக்கதை எழுதியிருக்கிறேன். கணவரை இழந்த மூதாட்டி ஒருவர், பேருந்தில் ஒலிக்கும் 1960களின் திரைப்பாடல் ஒன்றைக் கேட்டதும் பாதி வழியிலேயே இறங்கிவிடுகிறார். அந்தப் பாடலைப் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறேன். அப்படி எழுதக் கூடாது என்கிறார் நண்பர். அது சரியா?
– வாசகி ஒருவர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: தாராளமாக எழுதலாம். பாட்டின் பெயரைத் தாளில் எழுத எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. அதைப் படத்தில் ஒலிக்கச் செய்யும்போதுதான் உரிமைச் சிக்கல் வருகிறது. ஒரு திரைப்பாடலில் வரிகள், மெட்டு, ஒலிப்பதிவு ஆகிய மூன்றுக்கும் தனித்தனி உரிமை உண்டு. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, வரிகளுக்கும் மெட்டுக்கும் படைத்தவர் மறைந்த பின் 60 ஆண்டுகள், ஒலிப்பதிவுக்கு அது வெளியான பின் 60 ஆண்டுகள் என உரிமை நீடிப்பதால், ஒலிப்பதிவின் காலம் முடிந்துவிட்ட பாட்டிலும் இசையமைத்தவரின் உரிமை தொடரக்கூடும். இத்தனை நொடிகள் வரை எடுத்தாளலாம் என்று பலரும் நம்புகிறார்கள்; அப்படியொரு கணக்கு சட்டத்தில் இல்லை.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. அதே காலத்துக் காதல் பாட்டு வேறொன்றை அங்கே வைத்தாலும் காட்சி நிற்குமானால், ‘பழைய காதல் பாட்டு ஒலிக்கிறது’ என்று எழுதுவதே போதும். அந்தப் பாட்டுத்தான் வேண்டுமென்றால், அதை ஒருமுறைகூடக் கேட்டிராதவருக்கும் மூதாட்டி இறங்குவதன் காரணம் விளங்கும்படி முன்காட்சிகள் அமைய வேண்டும். ஏற்காடு சாலையிலேயே டி.ஆர். சுந்தரம் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற படப்பிடிப்பு நிலையத்தின் நுழைவு வளைவு இன்றும் நிற்கிறது. கணவர் அங்கே விளக்கு தூக்கியவராக இருந்து, வேலை முடிந்து வரும்போதெல்லாம் அந்த மெட்டை முணுமுணுத்தவர் என்று முன்பே காட்டிவிட்டால், பாட்டு கதைக்குள் வேர்விட்டுவிடும்.

அதன்பின் பாட்டே ஒலிக்காமல்கூட இதைச் செய்யலாம்: மலையேறும் பேருந்தின் இரைச்சல் மட்டும் கேட்க, கொண்டை ஊசி வளைவு ஒன்றில் மூதாட்டியின் உதடுகள் ஓசையின்றி அசையட்டும். நானாக இருந்தால் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன். பாட்டு வேண்டுமென்றே முடிவு செய்தாலும், படப்பிடிப்பின்போது அதை ஓடவிடாதீர்கள். வசனத்தோடு பதிவாகிவிட்ட பாட்டைப் பிரித்தெடுப்பது கடினம். படத்தொகுப்பில் ஒவ்வொரு வெட்டிலும் பாட்டு துண்டுபடும்.

கேள்வி: பாரதியார் பாடலானால் தடையேதும் இல்லையே?
– வாசகர் ஒருவர், ஏற்காடு

பதில்: வரிகளுக்குத் தடையில்லை, பாரதியாரின் எழுத்துகள் நாட்டுடைமையானவை. ஆனால் ஒரு திரைப்படத்துக்காக அவற்றுக்கு அமைத்த மெட்டும், பாடிய பதிவும் அப்படியல்ல. உள்ளூர் இசைக்கலைஞர் ஒருவரைக் கொண்டு புதிதாக மெட்டமைத்துப் பாடவையுங்கள். அவருக்குரிய ஊதியத்தைக் கொடுத்து, படத்தில் பயன்படுத்தும் உரிமையைக் கையொப்பத்துடன் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.