வான்கட்டை உயர்த்த எந்தக் கந்தோரில் கேட்பது?

கேள்வி: திருகோணமலை மாவட்டத்தில் மூதூர்ப் பக்கத்தில் எங்கள் கமக்காரர் அமைப்பின் குளத்தில் பாயும் வயல் பதிவில் 180 ஏக்கர். இப்போது 220 ஏக்கர் விதைக்கிறோம். வான்கட்டை (குளம் நிரம்பினால் மிகைத் தண்ணீர் வழியும் ‘வான்’ என்ற இடத்தின் கட்டை) ஒன்றரை அடி உயர்த்தினால் சிறுபோகமும் செய்யலாம். கமநல சேவை நிலையத்தில் கேட்டால் நீர்ப்பாசனத் திணைக்களத்துக்குப் போகச் சொல்கிறார்கள், அங்கே போனால் திருப்பி அனுப்புகிறார்கள். குளத்துக்குத் தண்ணீர் வரும் மேற்பக்கம் தங்கள் எல்லை என்று வன அதிகாரிகளும் சொல்கிறார்கள். யாரிடம் கேட்பது?

பதில்: உங்களை அலைய வைப்பது அந்த 180, 220 என்ற இரண்டு எண்கள்தான். 80 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 200 ஏக்கர் வரை பாயும் குளத்தைச் சிறிய குளம் என்று கணக்கெடுத்து, கமநல அபிவிருத்தித் திணைக்களம் பார்க்கிறது. அதற்கு மேல் என்றால் நீர்ப்பாசனத் திணைக்களம். ஆறு ஒரே மாகாணத்துக்குள் ஓடினால் மாகாணத் திணைக்களம், பல மாகாணங்களைக் கடந்து வந்தால் மத்திய திணைக்களம். மாகாணம், மத்தி என்ற இந்தப் பிரிவை 1987இன் 13ஆம் அரசியலமைப்புத் திருத்தம் போட்டது. உங்கள் கடிதம் ஒன்றில் 180, இன்னொன்றில் 220 என்று இருந்தால் ஒவ்வொரு கந்தோரும் தனக்கு வசதியான எண்ணைப் பிடித்துக்கொண்டு கைகழுவும். முதலில் கமநலக் காணிப் பதிவேட்டின் பிரதியை எடுங்கள். மேலதிக 40 ஏக்கர் எப்போது, எந்த உரிமையில் சேர்ந்தது என்பதை மறைக்காமல் தனியாக எழுதுங்கள். எல்லாக் கடிதங்களிலும் அதே வாசகம் இருக்கட்டும்.

அடுத்தது தண்ணீர்க் கணக்கு. நீர்ப்பரப்பு 100 ஏக்கர் என்று வைத்தால், ஒன்றரை அடி உயர்த்தும்போது குறைந்தது 150 ஏக்கர் அடி (ஓர் ஏக்கரில் ஓர் அடி ஆழத் தண்ணீர் ஓர் ஏக்கர் அடி) கூடுதலாக நிற்க இடம் கிடைக்கும். அதை நிரப்பத் தண்ணீர் வருமா? நீரேந்துபரப்பு, அதாவது மழைநீர் குளத்துக்கு வடிந்து வரும் நிலம், 2 சதுர கிலோமீற்றர், பெய்வதில் கால்பங்கு குளத்துக்கு வருகிறது என்று எடுத்தால், 100 மில்லிமீற்றர் மழை தருவது 50,000 கன மீற்றர், அதாவது சுமார் 40 ஏக்கர் அடி. ஆகவே குளம் நிரம்பிய பிறகு இன்னும் 370 மில்லிமீற்றர் பெய்தால்தான் நீங்கள் உயர்த்திய பகுதி நிறையும்.

இதற்கு நல்ல சாட்சி உங்கள் வான்தான். 20 மீற்றர் நீள வான்கட்டுக்கு மேலால் ஓர் அடி உயரத்தில் தண்ணீர் ஒரு மணித்தியாலம் பாய்ந்தால் சுமார் 16 ஏக்கர் அடி போய்விடும். ஒன்பது, பத்து மணித்தியாலத்தில் உங்கள் 150 ஏக்கர் அடியும் போய்விடும். வான்கட்டில் அடி, அங்குலம் கீறிய ஓர் அளவுக்கம்பு நட்டு, மார்கழி, தை மாதங்களில் ஒருவர் காலையும் மாலையும் நீர்மட்டத்தையும் நேரத்தையும் கொப்பியில் எழுதட்டும். கையெழுத்து மனு பத்து கொடுப்பதைவிட அந்தக் கொப்பி பொறியியலாளரிடம் அதிகம் பேசும். பத்து வருடத்தில் இரண்டு தடவைதான் வான் பாய்ந்தது என்றால் உயர்த்தும் யோசனையைக் கைவிடுங்கள்.

வன எல்லைப் பிரச்சினை வீம்பு அல்ல. குளத்தின் மேற்பக்கம் 300 அடிக்கு ஓர் அடி சரிவுள்ள தரை என்றால், ஒன்றரை அடி உயரும் தண்ணீர் 450 அடி பின்னுக்குப் போகும். கரையின் நீளம் 1,000 அடி என்றால் மூழ்குவது பத்து ஏக்கருக்கு மேல், அதாவது 4 ஹெக்டேருக்கும் அதிகம். சிறிய நீர்ப்பாசன வேலைக்குச் சுற்றாடல் மதிப்பீடு தேவையில்லை என்பது உண்மை. ஆனால் 1 ஹெக்டேருக்கு மேற்பட்ட காட்டை வேறு பாவனைக்கு மாற்றுவதற்குத் தேவை. பழைய குளம் என்றால் தொல்பொருள் திணைக்களத்தையும் கேட்க வேண்டும். இவற்றைக் கடைசியில் கேட்கப் போனால் ஒதுக்கிய பணம் ஆண்டு முடிவில் திரும்பிவிடும். வருத்தமான விடயம், அடிக்கடி நடப்பதும் இதுதான்.

அதே ஓடையில் கீழே இன்னொரு குளம் இருந்தால் உங்கள் வானில் பாயும் தண்ணீர்தான் அவர்களுடைய வரத்து. அந்தக் குளத்துக் கமக்காரர் அமைப்பின் எழுத்துமூலச் சம்மதம் கையில் இல்லாமல் அதிகாரிகளின் கூட்டத்துக்குப் போகாதீர்கள். ஆற்றுப் படுகையைத் திட்டமிடுவது என்று பெரிய வார்த்தையில் சொல்வதும் இதைத்தான். மகாவலி கொட்டியாரக் குடாவில் விழும் இந்த மாவட்டம் எப்போதும் கடைமடை. மேலே எடுத்தால் கீழே என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியாததா?

இனி எந்தக் கூட்டத்தில் கேட்பது என்பது. முதலில் பிரதேச செயலாளர் தலைமையிலான பிரதேச விவசாயக் குழுவில் விடயத்தைப் போடுங்கள். அங்கிருந்து மாவட்டச் செயலாளர் தலைமை வகிக்கும் மாவட்ட விவசாயக் குழுவுக்குப் போகட்டும். கேட்க வேண்டியது பணத்தை அல்ல, கூட்டுக் கள ஆய்வை: கமநலம், நீர்ப்பாசனம், வனம், நில அளவை, தொல்பொருள் ஆகிய ஐந்து தரப்பும் ஒரே நாளில் குளக்கட்டில் நிற்க வேண்டும். ஆவணி, புரட்டாதியில் தண்ணீர் வற்றியிருக்கும்போது புதிய மட்டத்துக்கு முளை அடித்து, மூழ்கும் கோட்டைக் கண்ணால் காட்டலாம். “கவனிக்கப்படும்” என்று கூட்டக்குறிப்பில் எழுதினால் விடாதீர்கள். எந்த அதிகாரி, எதை, எந்தத் திகதிக்குள் என்று எழுதுவித்து, குறிப்பின் பிரதியை வாங்குங்கள்.

ஒன்றை மட்டும் நீங்களாகச் செய்ய வேண்டாம். வானில் மண்மூட்டை அடுக்குவது. வான் மட்டம் உயர்ந்தால் கட்டின் முடியும் அதே அளவு உயர வேண்டும், இல்லாவிட்டால் பெருவெள்ளத்தில் தண்ணீர் கட்டுக்கு மேலால் வழிந்து கட்டை அரித்துவிடும். 1986 ஏப்ரல் 20இல் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கும் அதிகமானோரை இழந்த மாவட்டம் இது.

கொப்பிக் கணக்கு உங்களுக்குச் சாதகமாக வராவிட்டால் துருசை, அதாவது வயலுக்குத் தண்ணீர் திறக்கும் மதகை, பாருங்கள். கதவு ஒழுகினால் வருடம் முழுவதும் இழப்பு, அதைத் திருத்த வன அனுமதி வேண்டாம். தூர் அகற்றக் கேட்பதானால் துருசு வாசல் மட்டத்துக்கு மேலுள்ள மண்ணைக் கேளுங்கள். அதற்குக் கீழே தோண்டிய தண்ணீர் மாட்டுக்கும் மீனுக்கும் பக்கத்துக் கிணறுகளுக்கும் உதவும், வயலுக்கு ஏறாது.