கைடன்ஸ் கவுன்சிலர் கூப்பிட்டால் போய்ப் பாருங்கள்

பத்தாம் வகுப்பு மகளைப் பற்றிப் பேச வேண்டும், ஒருமுறை வாருங்கள் என்று பள்ளியின் கைடன்ஸ் கவுன்சிலர் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார், பிள்ளை ஏதும் பிழை விட்டுவிட்டாளோ, இல்லை மனநோய் என்று எழுதிவிடுவார்களோ என்று கேட்டிருக்கிறீர்கள், தம்பி. பயப்பட வேண்டாம். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் கைடன்ஸ் கவுன்சிலர் மருத்துவர் இல்லை. பிள்ளைகளுக்குப் படிப்பிலும் மற்ற விஷயங்களிலும் வழிகாட்ட மேலதிகத் தகுதி பெற்ற ஓர் ஆசிரியர். தை, மாசி வந்தால் அடுத்த ஆண்டுக்கான பாடத் தெரிவு தொடங்கிவிடும். அநேகமாக அதற்குத்தான் கூப்பிடுகிறார்.

அதைச் சின்ன விஷயமாக எடுக்காதீர்கள். ஊரில், இலங்கையில், ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) முடிந்ததும் கணிதமா, உயிரியலா, வர்த்தகமா, கலையா என்று ஒரே முடிவு. இங்கே பாடம் பாடமாகத் தெரிவு செய்ய வேண்டும். பதினோராம் வகுப்புக் கணிதத்திலேயே பல்கலைக்கழகத்துக்கு ஒன்று, தொழில்சார் படிப்புகள் நடத்தும் கல்லூரிக்கு ஒன்று என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். கல்லூரிக் கணிதத்தை எடுத்துவிட்டுப் பிறகு பொறியியலுக்கு ஆசைப்பட்டால் கோடை வகுப்பு, இரவு வகுப்பு என்று சுற்றிவர வேண்டியதுதான்.

மகள் இ.எஸ்.எல். (ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படிக்கும் பாடம்) படிக்கிறாள் என்றால் அதையும் கேளுங்கள். உயர்நிலைப் பள்ளி டிப்ளோமாவுக்கு 30 கிரெடிட், அதாவது தேறிய பாடங்களுக்கான அலகு, வேண்டும், அதில் நான்கு ஆங்கிலம். மூன்று வரைக்கும் இ.எஸ்.எல். பாடங்களைக் கணக்கில் எடுப்பார்கள்; நான்காவது பன்னிரண்டாம் வகுப்புக் கட்டாய ஆங்கிலம். ஊரில் படித்ததற்கு எத்தனை கிரெடிட் தந்திருக்கிறார்கள் என்றும் பாருங்கள். அப்புறம் டிப்ளோமாவுக்கு 40 மணி நேரத் தொண்டும் செய்ய வேண்டும். கோயிலில் செய்வதை ஏற்பார்களா என்று முதலே கேட்டுவிட்டுத் தொடங்கட்டும்.

நம் ஆட்களுக்கு உள்ள பெரிய பயம் வேறு. பிள்ளை வீட்டுக் கதையெல்லாம் அங்கே சொல்லும், சில்ரன்ஸ் எயிட் என்ற சிறுவர் பாதுகாப்பு அமைப்பு வாசலில் வந்து நிற்கும் என்பார்கள். 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு வீட்டில் துன்புறுத்தல் நடக்கிறது என்று சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால் கவுன்சிலர் அங்கே அறிவித்தே ஆக வேண்டும், அது சட்டம். உயிருக்கு ஆபத்து என்றாலும் சும்மா இருக்க மாட்டார். மற்றப்படி சிநேகிதிகளோடு சண்டை, தனிமை, ஆங்கிலம் பேசக் கூச்சம் எல்லாம் பெரும்பாலும் அவர்களுக்குள்ளேயே இருக்கும். பெற்றோருக்குக்கூடச் சொல்லாமல் விடுவார்கள். எனக்கு அது முதலில் பிடிக்கவே இல்லை. ஆனால் மத்தியானச் சாப்பாட்டைத் தனியே இருந்து சாப்பிடுகிற பிள்ளை அதை நம்மிடம் சொல்லாது. அப்பா இரண்டு வேலை செய்து களைத்து வருவதை அது பார்த்துக்கொண்டுதானே இருக்கிறது? அவரிடமாவது சொல்லட்டும். விஷயம் பெரிது என்றால் பள்ளிச் சபையின் சமூகப் பணியாளரிடம் அனுப்புவார். இதெல்லாம் பல்கலைக்கழகத்துக்குப் போகும் புள்ளிச் சான்றிதழில் ஏறாது.

ஆங்கிலம் தடக்கும் என்றால் மகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். அவளைப் பற்றிய பேச்சை அவளே மொழிபெயர்த்தால் எது விடுபடும் என்று உங்களுக்கே தெரியும். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று பதில் மின்னஞ்சலில் முன்கூட்டியே எழுதுங்கள். பல பள்ளிகளில் புதிதாக வந்த குடும்பங்களுக்கென்றே ஒரு பணியாளரும் இருப்பார். வேலை ஷிஃப்ட் இடித்தால் தொலைபேசியில் பேசலாமா என்று கேட்கலாம். ஒரு கவுன்சிலருக்கு நூற்றுக்கணக்கான பிள்ளைகள், உங்களுக்குக் கிடைப்பது கொஞ்ச நேரம். மகள் என்ன படிக்க விரும்புகிறாள் என்று கேட்டால் நீங்கள் முந்திக்கொண்டு டொக்டர் என்று சொல்லிவிடாதீர்கள், அவள் பேசட்டும்.