கல்லீரல் புற்றுநோய்: இரண்டு சிகிச்சைகளை எப்போது சேர்க்க வேண்டும்?

வயிற்றைத் திறக்காமல் ஊசி, குழாய் வழியாகக் கல்லீரல் கட்டிகளுக்குச் சிகிச்சை செய்யும் மருத்துவன் நான். கொங்குப் பகுதி அன்பர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

கோபிசெட்டிபாளையம்: அப்பாவுக்குக் கல்லீரலில் 4 செ.மீ. கட்டி. கோவையில் ஒருவர் ‘டேஸ்’ (TACE, கட்டிக்குப் போகும் தமனியில் மருந்து செலுத்தி அடைப்பது) என்றார், இன்னொருவர் சூடு வைத்துக் கருக்கலாம் என்றார், மூன்றாமவர் இரண்டும் வேண்டும் என்கிறார். பணத்துக்காகச் சொல்கிறாரோ?

அப்படி எண்ணாதீர்கள் தம்பி. மூன்றாமவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ரேடியோ அலையோ மைக்ரோவேவோ, ஊசி வழியாகச் சூடு வைப்பது 3 செ.மீ. வரையுள்ள கட்டியில் நன்றாக வேலை செய்யும். அதற்கு மேல் போனால் ஓரத்துச் செல்கள் தப்பிவிடுகின்றன. வாய்க்கால் கரையில் மூட்டிய நெருப்பு ஈர மண்ணைச் சுடாததுபோல, ஓடுகிற ரத்தம் சூட்டை அடித்துக்கொண்டு போய்விடும்.

டேஸ் உதவுவது இங்கேதான். நல்ல கல்லீரலுக்கு முக்கால் பங்கு ரத்தம் குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாக வருகிறது. புற்றுக்கட்டியோ பெரும்பாலும் தமனியை நம்பி வளர்கிறது. தொடை இடுக்கிலோ மணிக்கட்டிலோ மெல்லிய குழாயை நுழைத்து, கட்டிக்குப் போகும் தமனிக் கிளையில் புற்றுநோய் மருந்தைச் செலுத்தி, அதை அடைத்துவிடுகிறோம். ரத்த ஓட்டம் நின்றதும் வைக்கிற சூடு அங்கேயே தங்கி, அகலமாகக் கருக்கும். மருந்தோடு கலக்கும் லிப்பியோடால் எண்ணெய் (கசகசா விதையிலிருந்து எடுப்பது) சி.டி. படத்தில் வெள்ளையாகத் தெரிவதால், ஒளிந்திருக்கும் குட்டிக் கட்டிகளும் கண்ணில் படும். 7 செ.மீ.க்கு உட்பட்ட கட்டிகளில் இப்படிச் சேர்த்துச் செய்தவர்கள், சூடு மட்டும் வைத்துக்கொண்டவர்களைவிடக் கூடுதல் காலம் வாழ்ந்ததை 2013இல் வெளியான சீன ஆய்வு காட்டியது. அப்பாவின் கல்லீரல் செயல்பாடு நன்றாக இருந்தால் நானும் இதையே சொல்வேன்.

திருப்பூர்: அம்மாவின் கட்டி 2 செ.மீ.தான். இரண்டையும் செய்துவிட்டால் நிம்மதி அல்லவா?

வேண்டாம். 2 செ.மீ.க்குச் சூடு ஒன்றே பெரும்பாலும் போதும். பெரிய ரத்தக்குழாயை ஒட்டி இருந்தாலோ, ஸ்கேனில் சரியாகத் தெரியாவிட்டாலோதான் சேர்ப்பதைப் பற்றி யோசிப்போம். ஒவ்வொரு டேஸும் நல்ல கல்லீரலிலும் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது. சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிச் சுருங்குவது) உள்ளவருக்கு அந்தக் கொஞ்சமே பெரிது.

தாராபுரம்: அண்ணனுக்குக் கண் மஞ்சள், வயிறு முழுக்க நீர். எந்த மருத்துவரும் டேஸ் செய்ய மறுக்கிறார்கள்.

அவர்கள் மறுப்பது சரி. கட்டியின் அளவைப் பார்ப்பதற்கு முன் பிலிரூபின் (மஞ்சள் நிறமி), ஆல்புமின் (ரத்தப் புரதம்), ரத்தம் உறையும் வேகம், வயிற்று நீர், மனக்குழப்பம் ஆகிய ஐந்தையும் பார்த்து கல்லீரல் எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று காட்டும் ‘சைல்டு-பியூ’ தரம் போடுகிறோம். இவ்வளவு தளர்ந்த கல்லீரலில் டேஸ் செய்தால், கட்டிக்கு முன்பே ஆளை இழந்துவிடுவோம். மாற்றுக் கல்லீரலுக்கு வாய்ப்பு உண்டா என்று கேளுங்கள். ஒரே கட்டியானால் 5 செ.மீ. வரை, மூன்று வரை இருந்தால் ஒவ்வொன்றும் 3 செ.மீ.க்குள் என்பது மாற்றுக் கல்லீரலுக்கு 1996 முதல் உள்ள மிலன் அளவுகோல். அதுவும் இயலாதென்றால் வலியும் மூச்சுத்திணறலும் இல்லாமல் பார்த்துக்கொள்வதும் மருத்துவமே. அதைத் தயங்காமல் கேட்டுப் பெறுங்கள்.

ஈரோடு: சிகிச்சையோடு மஞ்சள் கேப்சூல் கொடுக்கலாமா?

குழம்பில் போடும் மஞ்சளுக்குத் தடையே இல்லை. மஞ்சள் சாற்றைச் செறிவாக்கி, மிளகுச் சத்தும் சேர்த்து விற்கும் கேப்சூல்கள் கல்லீரலையே புண்ணாக்கிய சம்பவங்கள் மருத்துவப் பதிவுகளில் உள்ளன. நிறுத்திவிடுங்கள்.

பொள்ளாச்சி: டேஸ் முடிந்து நான்கு நாளாகக் காய்ச்சல், விலா ஓரம் வலி.

ஒரு வாரம் வரை இது வரக்கூடியதே. ஆனால் குளிர் நடுக்கம், கறுப்பு மலம், புதிதாக மஞ்சள், பேச்சில் குழப்பம் இவற்றில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

கரூர்: நோயெதிர்ப்பு ஊசியையும் டேஸோடு சேர்க்கிறார்களாமே?

ஆம். டேஸோடு டுர்வாலுமாப் என்ற நோயெதிர்ப்பு ஊசி, கட்டிக்குப் புது ரத்தக்குழாய் வளராமல் தடுக்கும் பெவாசிசுமாப் இரண்டையும் கொடுத்த ஆய்வின் முடிவு 2024இல் வந்தது. நோய் முன்னேறாமல் இருந்த காலத்தின் இடைநிலை அளவு (மீடியன்), டேஸ் மட்டும் செய்தவர்களுக்கு இருந்த 8.2 மாதத்திலிருந்து 15 மாதமாக நீண்டது. இது கட்டி அடங்கியிருந்த காலம், ஆயுள் கூடிய கணக்கு அல்ல. செலவும் மிக அதிகம். நிலத்தை விற்பதற்கு முன் உங்கள் மருத்துவரிடம் இந்த வேறுபாட்டைக் கேளுங்கள். பெவாசிசுமாப் ரத்தக்கசிவை உண்டாக்கக்கூடியது என்பதால், உணவுக்குழாயின் ரத்தநாளங்கள் வீங்கியிருக்கின்றனவா என்று எண்டோஸ்கோபி பார்க்காமல் தொடங்கக் கூடாது.