அம்பாசடர் கார்புரேட்டருக்கு எந்த ஸ்பேசர் வாங்குவது?

கேள்வி: என்னிடம் 1984 மாடல் பெட்ரோல் அம்பாசடர் இருக்கிறது. அப்பா ஓட்டிய வண்டி. காலையில் முதல் செல்ஃபிலேயே கிளம்பிவிடும். வெயிலில் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு டீ குடிக்க நிறுத்தினால், பத்து நிமிடம் கழித்து எவ்வளவு அடித்தாலும் கிளம்பாது. பானெட்டைத் திறந்து வைத்து அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே ஸ்பேசர் என்ற தடுப்புத் துண்டைப் போடச் சொல்கிறார் மெக்கானிக். இணையக் கடைகளில் அலுமினியம், பேக்கலைட், மரம், நாலு துளை, ஒரே துளை என்று பலவிதம் கிடக்கிறது. எதை வாங்குவது?
வாசகர் ஒருவர், திருச்சி

பதில்: கோளாறு சூட்டினால்தானா என்று முதலில் பார்த்துவிடுங்கள். அடுத்த முறை மக்கர் செய்யும்போது ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தபடி செல்ஃப் அடியுங்கள். கரும்புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பினால், கார்புரேட்டரில் பெட்ரோலைத் தேக்கி வைக்கும் ஃப்ளோட் கிண்ணத்தில் இருந்தது கொதித்து இன்ஜினுக்குள் வழிந்திருக்கிறது என்று அர்த்தம். ஸ்பேசர் இந்த நோய்க்கான மருந்து. கிண்ணம் காலியாக இருந்தால் பெட்ரோல் குழாயிலோ பம்பிலோ ஆவி அடைத்திருக்கலாம். குழாயை சைலன்சர் பக்கத்திலிருந்து விலக்கிப் போட வேண்டும். பெட்ரோல் சரியாக இருந்தும் பிளக்கில் பொறி வரவில்லையா? சூடானதும் படுத்துக்கொள்ளும் இக்னிஷன் காயிலாக இருக்கும். இந்த இரண்டுக்கும் ஸ்பேசர் வாங்குவது வீண் செலவு.

அம்பாசடருக்கு இந்தத் தொல்லை ஏன் வருகிறது என்பது அதன் அமைப்பிலேயே இருக்கிறது. அந்த 1489 சிசி இன்ஜினில் பெட்ரோல் கலவை உள்ளே போகும் குழாயான மேனிபோல்டும் புகை வெளியே வரும் மேனிபோல்டும் ஒரே பக்கத்தில் ஒட்டி இருக்கின்றன. ஓடும்போது ஃபேன் காற்றும் புதிது புதிதாக வரும் பெட்ரோலும் கார்புரேட்டரைக் குளிர்வித்துக்கொண்டே இருக்கும். நிறுத்தியதும் இரண்டும் நின்றுவிடும், சூடு மட்டும் மேலே ஏறும். பெட்ரோலில் இருக்கும் இலேசான பகுதிகள் 40 டிகிரிக்கு முன்பே ஆவியாகத் தொடங்கிவிடும். திருச்சி வெயிலில் கேட்கவா வேண்டும்!

சரி, பொருளுக்கு வருவோம். அலுமினியம் வேண்டவே வேண்டாம். பார்க்கப் பளபளப்பாக இருக்கும். ஆனால் சூடு பட்டாலும் இளகாத கெட்டிப் பிளாஸ்டிக்கான பேக்கலைட்டைவிடப் பல நூறு மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். சூட்டைத் தடுக்க வாங்கும் பொருளே சூட்டைத் தூக்கிக் கொடுத்தால் எப்படி? பேக்கலைட் வாங்குங்கள். கிடைக்காவிட்டால், லேத் பட்டறைகளில் ஹைலம் என்று சொல்லும் கெட்டியான ஷீட்டில் வெட்டிக் கொள்ளலாம். இரண்டும் ஒரே குடும்பம்தான். அடுக்கு ஒட்டிய மரமும் சூட்டை நன்றாகத் தடுக்கும். ஆனால் பெட்ரோல் ஊறாதபடி பூச்சு சரியாக இருக்கிறதா என்று கடையில் நின்று பார்த்துச் சொல்வது கடினம், அதனால் நான் பரிந்துரைப்பதில்லை. இப்போது முப்பரிமாண அச்சில் செய்த பிளாஸ்டிக் ஸ்பேசர்களும் விற்கிறார்கள். அதில் பி.எல்.ஏ. என்ற வகை 60 டிகிரி வாக்கிலேயே இளகிவிடும். இன்ஜின் பக்கம் அதைக் கொண்டுபோகவே கூடாது.

அளவில் பலர் ஏமாறுகிறார்கள். எஸ்.யூ. கம்பெனி கார்புரேட்டர் என்றால் அதன் பெயரிலேயே வாய் அளவு இருக்கிறது: எச்.எஸ்.2 என்றால் ஒரு அங்குலமும் எட்டில் இரண்டும், அதாவது ஒன்றேகால். எச்.எஸ்.4 என்றால் ஒன்றரை. ஸ்பேசரின் துளை அதற்குச் சரியாக இருக்க வேண்டும். சிறியதாக இருந்தால் காற்று தடைபடும். படி போல் விளிம்பு நின்றால் கலவை அதில் மோதிக் கலையும். கசிவைத் தடுக்க நடுவே வைத்திருக்கும் பழைய பேக்கிங்கைக் கையோடு கொண்டுபோய் வைத்துப் பார்த்து வாங்குவது உத்தமம். சென்னைப் பக்கம் வந்தால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் நாலு கடை ஏறி இறங்கிப் பாருங்கள்.

கனம் 6 முதல் 12 மில்லிமீட்டர் போதும். உங்கள் கார்புரேட்டர் படுக்கை வாட்டத்தில் நிற்பது. ஸ்பேசர் கூடக் கூட அது பக்கவாட்டில் வெளியே தள்ளிப் போகும். ஏர் ஃபில்டர் இடிக்கும், ஆக்சிலேட்டர் கம்பியும் சோக் கேபிளும் இழுபடும். கார்புரேட்டரைப் பிடித்திருக்கும் மரையாணியான ஸ்டட்டும் நீளமாக மாற்ற வேண்டும். நட்டுக்குப் பிடிப்பதற்கு மரை மிச்சமில்லாமல் ஒப்பேற்றினால் ஒருநாள் கழன்றுவிடும்.

பேக்கிங் ஸ்பேசரின் இரண்டு பக்கமும் போட வேண்டும். ஒன்றை மட்டும் போட்டு அனுப்பும் பட்டறைகளைப் பார்த்திருக்கிறேன். அப்புறம் காற்று கசிந்து ஐடிலிங் நிற்காது. நட்டை வெறிகொண்டு முறுக்கினாலும் முகம் வளைந்து அதே கசிவு வரும். மேனிபோல்டுக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே ஒரு தகட்டு மறைப்பும் வையுங்கள். ஸ்பேசர் தொட்டுக் கடத்தும் சூட்டைத்தான் தடுக்கும்; அனலாக வீசும் சூட்டைத் தகடுதான் தடுக்கும். கையோடு பழைய ரப்பர் ஹோஸ்களையும் மாற்றிவிடுங்கள். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலுக்கு அந்தக் காலத்து ரப்பர் தாங்காது.

கேள்வி: நாலு துளை ஸ்பேசர் போட்டால் வண்டியின் இழுவை கூடும் என்கிறார்களே?

பதில்: அந்த நாலு துளையும் அமெரிக்க வி8 இன்ஜின்களில் வரும் ஹோலி போன்ற நாலு வாய் கார்புரேட்டர்களுக்கானவை. அங்கே ஒவ்வொரு வாய்க்கும் தனித் துளை விட்டால் குறைந்த வேகத்தில் கொஞ்சம் உதவலாம், நடுவில் திறந்துவிட்டால் உச்ச வேகத்தில் உதவலாம். அதுவும் மேனிபோல்டைப் பொறுத்தது. ஒரே வாய் கார்புரேட்டர் உள்ள அம்பாசடரில் அது உட்காரவே உட்காராது.

கேள்வி: பேக்கலைட் என்று போட்டிருந்ததால் ஆன்லைனில் வாங்கினேன். சாதாரண பிளாஸ்டிக் வந்திருக்கிறது. திருப்பி எடுக்க மறுக்கிறார்கள்.

பதில்: மறுக்க முடியாது. விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திருப்பி எடுக்கவோ பணத்தைத் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. விளம்பரப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், நாளைக்கே வாசகத்தை மாற்றிவிடுவார்கள். பில்லையும் வந்த பொருளின் படத்தையும் சேர்த்து, முதலில் அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். அசையவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள். அதுவரை அந்தப் பிளாஸ்டிக்கை வண்டியில் மாட்டிவிடாதீர்கள். மாட்டிக் கழற்றினால் பயன்படுத்திய பொருள் என்று சொல்லித் தட்டிக்கழிப்பார்கள்.