நூலகத்தில் 3, 4 வயதுக் குழந்தைகளுக்கு ‘செய்து பார்க்கும் அறிவியல்’ என்கிறார்களே, அது என்ன?

பாடம் சொல்லாமல், பொருளைக் கையில் கொடுத்து “என்ன ஆகும்?” என்று ஊகிக்கவிட்டு, செய்து பார்க்கவிடுவதுதான். அந்த வயதில் ‘அடர்த்தி’ என்ற சொல் ஒட்டாது. கை நனைந்தால் ஒட்டும்.

சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகம் போன்றவற்றில் குழந்தைகளுக்கென்றே தனிப் பகுதி உண்டு. ஊர்ப்புற நூலகமென்றால், எது மிதக்கும் எது மூழ்கும் என்று பார்க்க ஒரு அகலமான பேசின், தண்ணீர், தரையில் விரிக்கப் பழைய துண்டு போதும். (துண்டை மறந்தால் நூலகர் மறக்கமாட்டார்!)

எனக்குப் பிடித்தது ஆரஞ்சு. தோலோடு போட்டால் மிதக்கும். அப்புறம் உரித்துப் போடுங்கள், பெரும்பாலும் மூழ்கிவிடும். எடை குறைந்தும் ஏன் மூழ்குகிறது? தோலின் வெள்ளைப் பகுதியில் நுண்ணிய காற்றறைகள் நிறைய. கிணற்றில் நீச்சல் பழகும்போது இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டிக்கொள்வார்களே, அதே வேலையைத்தான் தோல் செய்கிறது. குடுக்கையை அவிழ்த்தால் ஆள் உள்ளே!

சுளையை அப்புறம் தின்னக் கொடுத்துவிடலாம்.

பலரும் கனமானது மூழ்கும், லேசானது மிதக்கும் என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை: முழுத் தர்பூசணி மிதக்கும், ஒரு ரூபாய் நாணயம் மூழ்கும், தன் அளவுள்ள தண்ணீரைவிட எடை கூடுதலா குறைவா என்பதுதான் கணக்கு.