லேசர் பிரிண்டரில் ஒரே இடைவெளியில் கறுப்புப் புள்ளி விழுகிறது. நானே சரிசெய்யலாமா?

முதலில் ஸ்கேலை எடுங்கள். ஒரு புள்ளிக்கும் அதற்கு நேர் கீழே உள்ள அடுத்த புள்ளிக்கும் எத்தனை மி.மீ. என்று அளந்து 3.14-ஆல் வகுத்தால், கோளாறுள்ள உருளையின் விட்டம் கிடைத்துவிடும். உருளையில் கீறல் இருந்தால், அது ஒவ்வொரு சுற்றுக்கும் தாளில் ஒருமுறை பதியும். இடைவெளி 75 மி.மீ. என்றால் விட்டம் 24. 94 என்றால் 30. வீட்டு பிரிண்டர்களில் இந்த அளவுகள் பெரும்பாலும் டிரம்தான், அதாவது மைப்பொடியைத் தாளில் பதிக்கும் உருளை.

உறுதிசெய்ய, அச்சு பாதியில் ஓடும்போதே மூடியைத் திறந்து தாளை மெதுவாக உருவுங்கள். பொடியைச் சூட்டால் தாளில் ஒட்டவைக்கும் ஃப்யூசருக்குள் இன்னும் போகாத பகுதியில், தொட்டால் கலைகிற பொடியிலேயே புள்ளி தெரிந்தால் ஃப்யூசர் மேல் பழி இல்லை. ஃப்யூசரைத் தொட்டுவிடாதீர்கள், 200 டிகிரி வரை கொதிக்கும்.

சிறிய மாடல்கள் பலவற்றில் டிரம் கார்ட்ரிட்ஜுக்குள்ளேயே இருக்கும். கார்ட்ரிட்ஜை மாற்றினால் வேலை முடிந்தது. ரீஃபில் செய்ததென்றால் என் சந்தேகம் முதலில் அதன்மேல்தான்: பொடியை நிரப்பித் தருவார்கள், டிரம் பழசாகவே இருக்கும். கழற்றிய டிரம்மை வெயிலில் வைக்காதீர்கள். சட்டையில் டோனர் பொடி கொட்டினால் உதறிவிட்டுப் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். வெந்நீர் பட்டால் கறை இளகி ஒட்டிக்கொள்ளும்.