கன்னியாகுமரிப் படகுக்கு ஒரு நாள் போதுமா?

கேள்வி: நாங்கள் கோவையில் இருக்கிறோம். அம்மாவுக்கு 71 வயது, முழங்கால் வலி உண்டு. பையனுக்கு 6 வயது. டிசம்பர் கடைசியில் அரையாண்டு விடுமுறைக்குக் கன்னியாகுமரி போய், படகில் விவேகானந்தர் பாறையையும் வள்ளுவர் சிலையையும் பார்த்துவர ஆசை. சனிக்கிழமை இரவு ரயில் ஏறி, ஞாயிறு பார்த்துவிட்டு, அன்று இரவே திரும்பிவிடலாம், அறை வாடகை மிச்சம் என்கிறார் என் கணவர். இது சரிப்படுமா?

பதில்: ரயில் கணக்குப்படி உங்கள் கணவர் சொல்வது சரிதான். கோவையிலிருந்து நாகர்கோவிலுக்கு இரவு ரயில் இருக்கிறது, திரும்பி வரவும் இரவு ரயில் இருக்கிறது. ஆனால் படகுக் கணக்குப்படி இது சரிப்படாது. கன்னியாகுமரிக்குப் போய்ச் சேருவதில் சிரமமே இல்லை. படகு ஓடும் நேரத்தில் நாம் அங்கே இருப்பதுதான் சிரமம். அதனால் ஒரு இரவு தங்குங்கள். இரண்டு காலைப் பொழுதுகள் கையில் இருக்கட்டும். மற்றதையெல்லாம் அதைச் சுற்றித் திட்டமிடலாம்.

காரணத்தைச் சொல்கிறேன். கரையிலிருந்து பாறை அரை கிலோமீட்டர் தூரம்தான். பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்தின் படகுகள் வழக்கமாகக் காலை 8 மணியிலிருந்து மாலை 4 மணி வரை ஓடுகின்றன. குகன், பொதிகை, விவேகானந்தா என்று பெயர். ஒவ்வொன்றிலும் 150 பேர் வரை ஏறலாம். ஏறி உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் பாறை. இவ்வளவு சின்னப் பயணத்துக்கு ஏன் இரண்டு நாள் என்று தோன்றும். ஆனால் அந்த இடத்துக் கடல் ஆழமானதல்ல, அடியில் முழுக்கப் பாறை. நீர்மட்டம் கொஞ்சம் இறங்கினாலும் படகு தரைதட்டும் என்பதால் நிறுத்திவிடுவார்கள். ‘நீர்மட்டம் தாழ்வு, படகு தாமதம்’ என்ற செய்தியைப் பத்திரிகையில் அடிக்கடி பார்த்திருப்பீர்கள். அது பெரும்பாலும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்தான் வரும். அந்த நாட்களில் சூரியனும் நிலவும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் ஏற்றமும் அதிகம், இறக்கமும் அதிகம். 8 மணிக்குக் கிளம்ப வேண்டிய முதல் படகு 10 மணிக்கோ 11 மணிக்கோ கிளம்புவது உண்டு. கடல் சீற்றமாக இருந்தால் அன்று முழுக்கவே ஓடாது.

சில வருடங்களுக்கு முன்னால் என் அப்பாவை அழைத்துக்கொண்டு போனேன். உங்கள் கணவர் போட்ட அதே கணக்குத்தான் அன்று நானும் போட்டிருந்தேன். காலையில் இறங்கி, படகில் போய்வந்து, மதிய ரயிலில் திரும்புவதாக ஏற்பாடு. அன்று பௌர்ணமிக்கு மறுநாள் என்பதை நான் கவனிக்கவில்லை. படகுத்துறையில் சங்கிலி போட்டு மறித்திருந்தார்கள். கீழே, வழக்கமாகத் தண்ணீருக்குள் இருக்கும் கடைசிப் படி, பச்சைப் பாசியும் ஒட்டிய சிப்பியுமாக வெளியே தெரிந்தது. அப்பா மடியில் பையை வைத்துக்கொண்டு அந்தப் படியையே பார்த்துக்கொண்டிருந்தார். அலை ஒவ்வொரு முறை வந்து போகும்போதும் “இன்னும் ஒரு சாண் ஏறணும்பா” என்பார். அந்தப் படி முழுகியபோது மணி பதினொன்றரை. போனோம், ஆனால் பாறையில் கால் மணி நேரம்கூட நிற்க முடியவில்லை. விவேகானந்தர் தியானம் செய்த இடத்தில் ஐந்து நிமிடம் கண்ணை மூடி உட்கார வேண்டும் என்று அப்பா பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர். ரயிலுக்காக அவரை எழுப்பிக் கூட்டிவந்தேன். இன்றைக்கும் அது எனக்கு வருத்தம்தான். உங்கள் அம்மாவுக்கு அப்படி ஆக வேண்டாம்.

ஆகவே டிக்கெட் போடுவதற்கு முன் வீட்டில் தொங்கும் தினசரிக் காலண்டரைப் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமி நாளையும் அதற்கு முன்பின் ஓரிரு நாட்களையும் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். அப்படியே ஞாயிற்றுக்கிழமை, டிசம்பர் 25, ஜனவரி 1 இவற்றையும் தவிருங்கள். டிசம்பர் கடைசியில் பள்ளி விடுமுறைக் கூட்டத்தோடு சபரிமலை போய்த் திரும்பும் ஐயப்ப பக்தர்களும் சேர்ந்துகொள்வார்கள். வரிசை படகுத்துறைக் கட்டடத்தைத் தாண்டித் தெருவுக்கு வந்துவிடும். கணவருக்கு ஒரு நாள் லீவு கிடைக்குமென்றால் வியாழன் இரவு ஏறி, வெள்ளி காலை இறங்கி, சனி இரவு கிளம்புங்கள். பிப்ரவரி வரை தள்ளிப்போட முடிந்தால் இன்னும் நல்லது. கூட்டம் குறையும், கடலும் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். ஜூன் தொடங்கி ஆகஸ்ட் வரைக்கும் மட்டும் படகை நம்பிப் போகாதீர்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வந்து முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்ற வைக்கும் அதே தென்மேற்குக் காற்றுதான் அங்கே படகையும் நிறுத்தும்.

இனி ரயில். கோவை இரவு ரயில் நாகர்கோவில் சந்திப்போடு நின்றுவிடும். அதை விடியற்காலையில் போய்ச் சேரும்படிதான் விட்டிருக்கிறார்கள். நாகர்கோவிலில் இரண்டு நிலையங்கள் உண்டு, ஒன்று சந்திப்பு, இன்னொன்று டவுன். டிக்கெட்டில் எது இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். சந்திப்பிலிருந்து கன்னியாகுமரி இருபது கிலோமீட்டருக்குள்தான். அண்ணா பேருந்து நிலையத்திலிருந்து அடிக்கடி பஸ் உண்டு. ஆனால் அம்மாவும் மூட்டைமுடிச்சும் இருக்கும்போது, அந்த இருட்டில் பஸ் நிலையம் தேடி அலைய வேண்டாம். நிலைய வாசலிலேயே ஆட்டோவோ டாக்சியோ பேசிக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு நேரே கன்னியாகுமரி வரைக்கும் வரும் இரவு ரயில் இருக்கிறது, அதுதான் வசதி. 2024-ல் வந்த வந்தே பாரத் அதிகாலையில் கிளம்பி மதியம் 2 மணி வாக்கில் நாகர்கோவில் வரும். அதில் வந்தால் அன்றைக்குப் படகை நினைக்கவே வேண்டாம். கன்னியாகுமரி போய்ச் சேர 3 மணி ஆகிவிடும். மாலை சூரியாஸ்தமனம் பார்த்துவிட்டு, படகை மறுநாள் காலைக்கு வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

தங்கும் அறையைப் படகுத்துறைக்கும் பகவதியம்மன் கோயிலுக்கும் நடந்து போகும் தூரத்தில் பாருங்கள். ஊர் சின்னது, ரயில் நிலையத்திலிருந்தே ஒன்றரைக் கிலோமீட்டருக்குள் எல்லாம் இருக்கிறது. கடல் தெரியும் மூன்றாவது மாடி என்று ஆசை காட்டுவார்கள். லிப்ட் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். பதிவு செய்யும்போதே, விடியற்காலை வருவோம், அறை கிடைக்கும் வரை பெட்டியை வைக்கவும் முகம் கழுவவும் இடம் தருவீர்களா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பல இடங்களில் தருவார்கள்.

வெள்ளிக்கிழமைக் காலை என்ன செய்ய வேண்டும்? டிசம்பர் கடைசியில் அங்கே சூரியன் ஆறரை மணி வாக்கில் உதிக்கும், அதைத் தாராளமாகப் பார்க்கலாம். ஆனால் உதயம் பார்த்த கூட்டம் அப்படியே காபி, டிபன், பாசிமணிக் கடை என்று கலைந்து, ஏழரைக்கு மேல் மொத்தமாகப் படகு வரிசைக்கு வரும். நீங்கள் அதற்கு முன்னால் போய்விட வேண்டும். சூரியன் மேலே வந்ததும் ஒருவர் நேராக வரிசையில் நின்றுகொள்ளட்டும். மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டு அவருக்கு இட்லி பொட்டலம் வாங்கிவரட்டும். சாதாரணக் கட்டணம், சிறப்புக் கட்டணம் என்று இரண்டு வரிசைகள் உண்டு. சிறப்புக்குப் பல மடங்கு விலை. வேறு யாராவது கேட்டிருந்தால் தேவையில்லை என்பேன். உங்களுக்கு வேண்டும் என்றே சொல்வேன், ஏனென்றால் அம்மாவின் முழங்காலுக்குப் படகைவிட வரிசைதான் பாடு. வாடகையில் மிச்சம் பிடிக்க நினைத்த பணத்தை இதில் போடுங்கள்.

படகில் ஏறும்போது ஒரு விஷயம். படகு நிலையாக நிற்காது. அலையோடு ஒரு அடி ஏறும், ஒரு அடி இறங்கும். ஊழியர்கள் இரண்டு பக்கமும் நின்று கையைப் பிடித்துவிடுவார்கள். படகு மேலே வரும் நேரத்தில் காலை எடுத்து வைக்க வேண்டும், இறங்கும்போது வைக்கக் கூடாது. அவசரப்படுத்தும் கூட்டத்துக்காக அம்மா அவசரப்பட வேண்டாம், அவர்கள் காத்திருப்பார்கள். கையில் பை எதுவும் இல்லாமல் அவர் ஏறட்டும். பையனைத் தூக்கிக்கொண்டு ஏறாதீர்கள், முதலில் ஒருவர் ஏறி நின்று அவனை வாங்கிக்கொள்ளுங்கள். உயிர்காப்பு உடுப்பு ஈரமாக இருக்கும், முந்தைய நடையில் போட்டிருந்தவர் கழற்றியதுதான். பரவாயில்லை, மாட்டிக்கொண்டு பக்கவாட்டு வார்களை இழுத்துக் கட்டுங்கள். ஆறு வயதுக் குழந்தைக்குப் பெரியவர்கள் உடுப்பு தலைவழியே உருவிவிடும், சின்ன அளவு கேட்டு வாங்குங்கள்.

படகு முதலில் விவேகானந்தர் பாறைக்குப் போகும். 1892 டிசம்பரில் விவேகானந்தர் இந்தப் பாறையில் மூன்று நாள் தியானத்தில் இருந்தார். நினைவு மண்டபம் 1970-ல் திறக்கப்பட்டது. மண்டபத்துக்குத் தனியாகச் சிறு கட்டணம் உண்டு. படிகள் இருக்கின்றன, ஆனால் இடையிடையே உட்காரலாம். தியான அறை கீழே, இருட்டாகவும் குளுமையாகவும் இருக்கும். அம்மாவை அங்கே விட்டுவிட்டு நீங்கள் வெளியே சுற்றலாம். எதிரே ஸ்ரீபாத மண்டபம். கன்னியாகுமரி அம்மன் ஒற்றைக்காலில் தவம் செய்த பாதச்சுவடு என்று வணங்கப்படும் இடம் அது.

முன்பெல்லாம் வள்ளுவர் சிலைதான் ஏமாற்றும். அந்தப் பாறையைச் சுற்றி ஆழம் இன்னும் குறைவு. பல நாட்கள் விவேகானந்தர் பாறைக்குப் படகு போகும், சிலைக்குப் போகாது. அவ்வளவு தூரம் வந்தும் எட்ட நின்று பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் ஏராளம். 2024 டிசம்பர் 30-ல் இரண்டு பாறைகளையும் இணைத்துக் கண்ணாடிப் பாலம் திறந்தார்கள். 77 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். இப்போது ஒரு பாறையில் இறங்கிவிட்டால் இரண்டையும் பார்த்துவிடலாம். உங்களைப் போன்றவர்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று சொல்லி முடியாது, இன்னொரு முறை படகில் ஏறி இறங்கும் பாடு இல்லை. காலுக்குக் கீழே அலை புரள்வது தெரியும். பையன் குதிப்பான், அம்மா தயங்கலாம். கீழே பார்க்காமல் சிலையைப் பார்த்தபடி நடக்கச் சொல்லுங்கள்.

சிலைக்குள் படி ஏறி வள்ளுவரின் பாதம் வரைக்கும் போகலாம். அம்மாவுக்கு அது வேண்டாம், பீடத்து நிழலில் உட்காரட்டும். பையனுக்கு ஒரு கணக்குப் போடுங்கள். பீடம் 38 அடி, அறத்துப்பாலின் 38 அதிகாரங்கள். சிலை 95 அடி, பொருளும் இன்பமும் சேர்ந்த 95 அதிகாரங்கள். மொத்தம் 133. ஆறு வயதில் இப்படிக் கேட்டது மறக்காது.

திரும்பும் படகுக்கும் வரிசை உண்டு. போக, பார்க்க, வர என்று மொத்தம் நாலு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாளே போய்வந்துவிட்டால் சனிக்கிழமை சுசீந்திரம், பத்மநாபபுரம் அரண்மனை என்று நிதானமாகப் போகலாம். அரண்மனைக்குத் திங்கள் விடுமுறை, உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. வெள்ளிக்கிழமை படகு ஓடவில்லையா, நாட்களை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். சுசீந்திரம் முதல் நாள், படகு மறுநாள். படகு நின்ற நாளில் மட்டும் முக்கடல் சங்கமத்திலோ வேறு கடற்கரையிலோ பையனை அலையில் விடாதீர்கள். படகுக்கு ஆகாத கடல் கால் நனைக்கவும் ஆகாது. காற்றே இல்லாமல் கடல் திடீரென்று கரையேறுவதைக் கள்ளக்கடல் என்று அந்தக் கரையில் சொல்வார்கள். 2024 மே மாதம் அதே மாவட்டத்தில், லெமூர் கடற்கரையில், மருத்துவம் படித்த ஐந்து பேரை அலை கொண்டுபோனது அப்படித்தான்.

கடைசியாக ஒன்று. மண்டபத்துக்குள் செருப்பு போட்டுப் போக முடியாது. பத்து மணிக்கு மேல் அந்தக் கருங்கல் தரை நன்றாகச் சுடும். அம்மாவுக்குத் தடித்த காலுறை ஒரு ஜோடி எடுத்து, பெட்டியில் வைக்காமல் உங்கள் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.